கல்லூரி எட்டாத வட்டாரத்தில் உயர்கல்வியை எட்டவைப்பது எப்படி?

உயர்கல்வியில் பின்தங்கிய வட்டாரம் என்றதும் முதலில் எழும் கோரிக்கை, அங்கே ஒரு கல்லூரி கட்ட வேண்டும் என்பதுதான். கோரிக்கையில் தவறில்லை, ஆனால் வேலையை அங்கிருந்து தொடங்குவது தவறு. நிலம் எடுத்து, அனுமதி வாங்கி, கட்டடம் எழும்பி, ஆசிரியர் வந்து சேர ஆண்டுகள் ஆகும், இந்த ஆண்டு பள்ளியை முடிப்பவர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். தவிரவும், கல்லூரி அருகில் இல்லாததால்தான் மாணவர்கள் படிப்பை நிறுத்துகிறார்கள் என்பது பல இடங்களில் வெறும் ஊகமாகவே இருக்கிறது. எந்தப் படியில் எத்தனை பேர் நின்றுபோகிறார்கள் என்று பார்த்துவிட்டு அந்தப் படியிலிருந்து தொடங்குவதே சரியான வழி.

அதற்குப் பெரிய ஆய்வு எதுவும் வேண்டாம். வட்டாரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, மூன்று ஆண்டுகளுக்கு முன் இறுதி வகுப்பில் படித்தவர்களின் பெயர்ப் பட்டியலை வாங்குங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஐந்து கட்டங்கள் போடுங்கள்: தேர்ச்சி பெற்றாரா, கல்லூரிக்கு விண்ணப்பித்தாரா, இடம் கிடைத்ததா, சேர்ந்தாரா, இரண்டாம் ஆண்டுக்குப் போனாரா. பட்டியலில் 60 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 52 பேர் தேர்ச்சி பெற்றார்கள், 31 பேர் விண்ணப்பித்தார்கள், 27 பேருக்கு இடம் கிடைத்தது, 19 பேர் சேர்ந்தார்கள், 12 பேர் இரண்டாம் ஆண்டைத் தொட்டார்கள் என்று கணக்கு வந்தால், அந்த ஊரில் இடப் பற்றாக்குறையால் விடுபட்டவர்கள் நான்கே பேர்தான். விண்ணப்பமே போடாதவர்கள் 21 பேர். புதிய கட்டடம் இவர்களில் எத்தனை பேருக்கு உதவும் என்பதை இந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசினால் பேச்சே வேறாக இருக்கும். ஆண், பெண் கணக்கைத் தனித்தனியாக எழுதுங்கள். மொத்தக் கணக்கில் பெண்களின் இழப்பு எளிதில் மறைந்துவிடும். விவரங்களைப் பள்ளி அலுவலகத்தில் மட்டும் கேட்காதீர்கள். அங்கே பாதிப் பேருக்கு நேரே 'உயர்கல்வி பயில்கிறார்' என்று இருக்கும். யார் கடையில் வேலைக்குப் போனார், யாருக்குத் திருமணம் ஆனது என்பது உடன் படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

விண்ணப்பக் கட்டத்தில் இழப்பு அதிகம் என்றால், விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தும் எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அமெரிக்காவில் அரசின் கல்வி நிதியுதவிக்கான விண்ணப்பத்தில் ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் இருந்தன. அங்கே ஓர் ஆய்வுக்காக, வருமான வரிக் கணக்கு எழுத வந்த குறைந்த வருவாய்க் குடும்பங்களில் ஒரு பிரிவினருக்கு அந்த விண்ணப்பத்தைக் கூடவே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவலை மட்டும் சொன்னார்கள். 2012-இல் வெளியான முடிவுகளின்படி, நிரப்பிக் கொடுத்த குடும்பங்களின் இறுதி வகுப்பு மாணவர்களில் கல்லூரியில் இரண்டு ஆண்டுகளைப் படித்து முடித்தவர்கள் 36 விழுக்காடு. எந்த உதவியும் பெறாத குடும்பங்களில் அது 28 விழுக்காடு. தகவல் மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆகவே, தேர்வு முடிவு வந்த மறுநாள் முதல் பள்ளியின் கணினி அறையைத் திறந்துவைத்து, விண்ணப்பம் போடத் தெரிந்த இரண்டு பேரை உட்காரவைப்பது, ஆயிரம் துண்டறிக்கைகளை விடப் பயன் தரும். சான்றிதழ் வேலையை அதற்கும் ஓராண்டு முன்பே தொடங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இருக்கும் முதலெழுத்து பள்ளிச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் போயிருக்கும், அல்லது ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும். கடைசி வாரத்தில் கண்டுபிடித்தால், ஒரு வருடப் படிப்பை அந்த ஓர் எழுத்தே தின்றுவிடும்.

இடம் கிடைத்த பிறகும் சேராமல் போகிறவர்களைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. சேர்க்கை உறுதியான பின்னரும் கோடை விடுமுறைக்குள் கைநழுவிப் போகிறவர்கள் 10 முதல் 20 விழுக்காடு வரை இருப்பதாக அமெரிக்க ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. இங்கே சிக்கல் பெரும்பாலும் பணத்தின் அளவில் இல்லை, பணம் வரும் நாளில் இருக்கிறது. கட்டணத்தை முதல் வாரத்தில் கட்ட வேண்டும். உதவித்தொகையோ சில மாதங்கள் கழித்துத்தான் வரும். இடைப்பட்ட காலத்துக்குக் கைமாற்றாகத் தந்து, உதவித்தொகை வந்ததும் திரும்பப் பெறும் சிறிய சுழல்நிதி ஒன்றை முன்னாள் மாணவர் சங்கமே நடத்தலாம். விடுதி முன்பணம், பயணச் செலவு, ஆய்வகப் பொருள்கள் போன்ற கட்டணப் பட்டியலில் வராத செலவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, அந்தத் தாளைக் குடும்பத்தின் கையில் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அதே பள்ளியிலிருந்து போய்க் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசினால், வீட்டில் முடிவு மாறுவதற்கு முன்பே செய்தி தெரிந்துவிடும்.

தொலைவைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள், நேரத்தில் அளந்து பாருங்கள். ஆய்வக வகுப்பு நாலரைக்கு முடிந்து, கடைசிப் பேருந்து நாலேகாலுக்குப் புறப்பட்டால், இருபது கிலோமீட்டரில் இருக்கும் கல்லூரியும் அந்த மாணவிக்கு இல்லாத கல்லூரிதான். பேருந்து நேரத்தை முக்கால் மணி தள்ளிவைக்கும்படி போக்குவரத்து அலுவலரிடமோ, வகுப்பை முன்னே இழுக்கும்படி கல்லூரி முதல்வரிடமோ எழுதிக் கேட்பதற்குச் செலவே இல்லை. வழியின் பாதுகாப்பும் இதே கணக்கில் சேரும். டெல்லி பல்கலைக்கழக மாணவியரிடம் நடந்த ஓர் ஆய்வில், பாதுகாப்பான வழிக்காகத் தரவரிசையில் தாழ்ந்த கல்லூரியைத் தேர்ந்தெடுக்க அவர்கள் ஆண்களை விட அதிகமாக இசைவது தெரியவந்தது. தினமும் போய்வர முடியாத இடங்களில் விடுதிதான் தீர்வு. அதை முதலில் பெண்களுக்குக் கட்டுங்கள்.

சேர்ந்தவர்கள் முதல் ஆண்டிலேயே விலகினால், குறை மாணவரிடம் இருக்கிறது என்று முடிவுகட்டுவது வசதியானது, ஆனால் நேர்மையானதல்ல. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தன் ஈராண்டுக் கல்லூரிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கட்டணத்தில் உதவித்தொகை போக எஞ்சும் தொகையைத் தள்ளுபடி செய்தார்கள்; பாடநூலும் போக்குவரத்து அட்டையும் இலவசமாகத் தந்தார்கள்; அடிக்கடி சந்தித்துப் பேச ஓர் ஆலோசகரையும் அமர்த்தினார்கள். மூன்று ஆண்டுகளில் பட்டயம் பெற்றவர்கள், திட்டத்தில் சேராதவர்களிடையே 22 விழுக்காடாக இருக்க, சேர்ந்தவர்களிடையே 40 விழுக்காடாக உயர்ந்தார்கள். இவற்றில் எது முக்கியம் என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டால் அதே விளைவை எதிர்பார்க்கக் கூடாது. பள்ளியில் தாய்மொழியில் படித்து, கல்லூரியில் வேறு மொழியில் பாடம் கேட்பவர்களுக்கு வகுப்பு தொடங்குமுன் சில வாரப் பாலப் பயிற்சியும் கட்டாயம் வேண்டும்.

இவ்வளவும் நடக்கத் தொடங்கிய பிறகு நிறுவனத்தைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் முழுக் கல்லூரிக்கு முன் ஒரு கற்றல் மையத்தைத் தொடங்கிப் பாருங்கள். 1969-இல் அரச சாசனம் பெற்று 1971-இல் மாணவர்களைச் சேர்த்த பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், முன்தகுதி கேட்காமல் வீட்டுக்கே பாடத்தைக் கொண்டுபோனது. கூடவே நாடெங்கும் பயிற்றுநர்களையும் கோடைக்காலப் பள்ளிகளையும் வைத்திருந்தது. 1968-இல் தொடங்கிய தென் பசிபிக் பல்கலைக்கழகத்தைப் பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் 12 தீவு நாடுகள் பொதுவில் நடத்துகின்றன. அஞ்சல், செயற்கைக்கோள், உள்ளூர் மையம் எல்லாம் சேர்ந்துதான் அங்கே கல்வி நடக்கிறது. இணையத்தில் பாடத்தை ஏற்றிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் பயிற்றுநர், உள்ளூர் மையம் என்ற இந்த இரண்டாவது பாதியைத்தான் தவற விடுகிறார்கள். மையத்துக்கு அமைதியான அறை, தடையில்லாத மின்சாரம், நம்பகமான இணையம், சம்பளம் வாங்கும் ஒரு பொறுப்பாளர் ஆகிய நான்கும் வேண்டும். நான்காவது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் சில மாதங்களில் பூட்டிய அறையாகிவிடும். இணையும் பல்கலைக்கழகத்தின் பட்டம் உரிய ஒழுங்குமுறை அமைப்பால் ஏற்கப்பட்டதுதானா என்பதை, விளம்பரத்தை நம்பாமல், ஆவணத்தைப் பார்த்தே உறுதிசெய்யுங்கள்.

என்ன பாடங்களை வைப்பது என்பதற்கு நார்வே நல்ல எடுத்துக்காட்டு. அந்நாட்டின் வடபகுதிக்கு மருத்துவர்கள் வரவில்லை. 1968-இல் நாடாளுமன்றம் முடிவெடுத்து, 1972-இல் டிரோம்சோ நகரில் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது; அங்கே மருத்துவப் படிப்பும் தொடங்கியது. பின்னர் எடுத்த கணக்கில், படித்து முடித்த மருத்துவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வடக்கிலேயே தங்கியிருந்தார்கள்; வடக்கிலேயே வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் தங்கியிருந்தார்கள். வட்டாரத்துக்குத் தேவையான தொழிலை, வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இடம் ஒதுக்கிக் கற்பித்ததன் பயன் இது. அதற்காக உள்ளூர்த் தேவை என்ற பெயரில் குறுகிய பயிற்சிகளோடு நிறுத்திவிடக் கூடாது; அங்கே பட்டயம் முடித்தவர் வேறு பல்கலைக்கழகத்தின் பட்டப் படிப்பில் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ சேரும் ஏற்பாட்டை, முதல் மாணவர் சேருவதற்கு முன்பே எழுத்தில் பெற்றுவிடுங்கள்.

முதல் ஆண்டு முடிந்ததும் அதே பள்ளிக்குப் போய், அடுத்த அணியின் பெயர்ப் பட்டியலை வாங்கி, அதே ஐந்து கட்டங்களை மறுபடி நிரப்புங்கள். விண்ணப்பக் கட்டத்தில் இழப்பு குறைந்து, சேரும் கட்டத்தில் கூடியிருந்தால் முயற்சி தோற்றதாகப் பொருளில்லை. கணினி அறையில் உட்கார்ந்த இருவரில் ஒருவரைச் சுழல்நிதிக் கணக்குக்கு மாற்றும் நேரம் வந்துவிட்டது.