அமாவாசைக் கணக்கில் எங்க மணி

காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறோம். எங்க நாய் மணிக்குச் சோறு போட ஆளுண்டு. மருந்துக்கு மட்டும் நாளும் கிடையாது, ஆளும் கிடையாது. காதுமடலுக்குள் உண்ணி கொத்தமல்லி விதை மாதிரி அப்பிக் கிடந்தது.

செல்போனில் அலாரம் வைத்தால் யார் மதிக்கிறார்கள்? அமாவாசையை எங்க வீட்டில் எவரும் மறப்பதில்லை. அதையே பிடித்துக்கொண்டேன். அமாவாசைக்கு அமாவாசை, நாக்கு எட்டாத பிடரியில் முடியை விலக்கித் தோலில் படும்படி ஃபிப்ரோனில் என்ற உண்ணி மருந்துச் சொட்டு. மூன்று அமாவாசைக்கு ஒருமுறை எடைக்கேற்ற குடற்புழு மாத்திரை. வெறிநோய்த் தடுப்பூசி வருஷா வருஷம் பட்டிப் பொங்கல் முடிந்த கையோடு.

"மருந்து ஊத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு நாளைக்குக் குளிப்பாட்டாதீங்க" என்றார் கால்நடை மருத்துவர்.

சொட்டு மருந்து பாதி வேலைதான். உண்ணி நாயின் மேல் முட்டையிடாது. கீழே இறங்கிச் சுவர் வெடிப்பில்தான் இடும். மணி படுக்கும் திண்ணையோரம் வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்துப் பூசினேன், சாக்கை மாற்றினேன். அதற்கப்புறம்தான் நிஜமாகவே குறைந்தது.

சாயங்காலம் பால் கறந்ததும் காது, விரலிடுக்கு எல்லாம் தடவிப் பார்ப்பது என் பையன் வேலை. உண்ணி கண்டால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுவான். நகத்தால் நசுக்கக் கூடாது.

சோற்று விஷயத்தில்தான் அமுச்சியோடு (பாட்டியோடு) இன்னும் மல்லுக்கட்டு. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும் என்றால், "எங்க காலத்து நாயெல்லாம் குழம்பு திங்கலையா கண்ணு?" என்கிறார்.