கே-பாப் காணொளியை ஆராய்வது எப்படி? ‘பிளட் ஸ்வெட் அண்ட் டியர்ஸ்’ கொண்டு ஒரு செய்முறை விளக்கம்

ஒரு கே-பாப் (தென்கொரியப் பாப் இசை) காணொளியில் பழைய ஓவியமோ சிலையோ தென்பட்டுவிட்டால், அதன் பெயரை முதலில் யார் கண்டுபிடிப்பது என்று இரசிகர்களிடையே போட்டியே நடக்கும். பெயரைக் கண்டுபிடிப்பது நல்ல தொடக்கம்தான். ஆனால் பெரும்பாலான பதிவுகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அந்த ஓவியம் எந்த நொடியில் வருகிறது, அதன் முன்னே யார் நிற்கிறார், அப்போது இசை என்ன செய்துகொண்டிருக்கிறது, மூலப் படைப்பிலிருந்து காணொளி எதை எடுத்துக்கொண்டு எதை மாற்றியது என்பனவற்றைக் கேட்கத் தொடங்கும்போதுதான் ஆய்வு பிறக்கிறது. அந்தக் கேள்விகளை எப்படிக் கேட்பது என்பதை ஒரே ஒரு காணொளியை வைத்துப் படிப்படியாக விளக்குகிறேன்.

எடுத்துக்கொண்டிருப்பது பிடிஎஸ் குழுவின் ‘பிளட் ஸ்வெட் அண்ட் டியர்ஸ்’. கீழே வரும் ஜின், வி, ஆர்எம், ஜிமின், சுகா ஆகியோர் இக்குழுவின் பாடகர்கள். 2016 அக்டோபர் 10 அன்று ‘விங்ஸ்’ தொகுப்பின் முதன்மைப் பாடலாக வெளிவந்தது, இயக்கியவர் லம்பென்ஸ். பாடல் மூன்றரை நிமிடத்திற்குச் சற்றே கூடுதல், காணொளியோ ஆறு நிமிடம். பாடலுக்குத் தேவையே இல்லாத அந்த இரண்டரை நிமிடத்தில் இயக்குநர் என்ன செய்திருக்கிறார் என்பதே நம்மை உள்ளே இழுக்கும் முதல் கேள்வி.

படி 1: பார்க்கும் முறை

முதல் முறை எதையும் குறிக்காமல் முழுவதும் பாருங்கள். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். மூன்றாம் முறை திரையைப் பார்க்காமல் கேட்க மட்டும் செய்யுங்கள். நடன அசைவும் முகங்களும் வெட்டுகளும் ஒன்றாக வந்து தாக்கும்போது கண்ணும் காதும் ஒன்றையொன்று மறைத்துவிடுகின்றன. தனித்தனியாகப் பிரித்தால்தான் ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று தெரியும்.

அதன் பிறகு கணினியில் யூடியூபைத் திறந்து, காணொளியை நிறுத்திவைத்துவிட்டு, விசைப்பலகையில் முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு சட்டகம் (காணொளியின் ஒரு நிலைப்படம்) முன்னேயும், காற்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு சட்டகம் பின்னேயும் நகரும். அரை நொடிக்கும் குறைவாக வந்துபோகும் பொருள்களைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. கைப்பேசியில் பார்ப்பவர்கள் அமைப்புகளில் வேகத்தைக் கால் பங்காகக் குறைத்துக்கொள்ளலாம்.

படி 2: மூன்று பத்திக் குறிப்பேடு

ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரித்து, ‘பார்த்தது’, ‘சரிபார்த்தது’, ‘என் வாசிப்பு’ என்று தலைப்பிடுங்கள். முதல் பத்தியில் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதவேண்டும். எடுத்துக்காட்டாக, “ஜின் அருங்காட்சியகம் போன்ற கூடத்தில் ஒரு பெரிய ஓவியத்தை அண்ணாந்து பார்க்கிறார்” என்பது முதல் பத்திக்கு உரியது. “அது மூத்த பீட்டர் புரூகல் 1562இல் வரைந்த ‘கலகத் தேவதூதர்களின் வீழ்ச்சி’” என்பது இரண்டாம் பத்திக்கு உரியது. “ஜின் தன் வீழ்ச்சியைத்தான் முன்கூட்டியே பார்க்கிறார்” என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழைத்து எழுதுவதால்தான் இணையத்தில் ஊகங்கள் உண்மைகளாக உலா வருகின்றன.

படி 3: ஓவியத்தை அடையாளம் கண்டபின் ஓவியத்தையே பாருங்கள்

சட்டகத்தைப் படம் பிடித்து கூகுள் லென்ஸில் கொடுத்தால் புகழ்பெற்ற ஓவியங்களின் பெயர் பெரும்பாலும் கிடைத்துவிடும். பெயர் கிடைத்ததும் காணொளிக்குத் திரும்பி ஓடாதீர்கள். ஓவியத்தின் தெளிவான படத்தைத் திறந்து பத்து நிமிடமாவது அதிலேயே இருங்கள்.

புரூகலின் அந்த ஓவியம் பிரஸ்ஸல்ஸ் நகரில், பெல்ஜிய அரச நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் பொற்கவசம் அணிந்த மிக்கேல் தேவதூதர் வாளை ஓங்குகிறார். கடவுளை எதிர்த்துக் கலகம் செய்து கீழே விழுகிற தேவதூதர்கள், விழுந்துகொண்டிருக்கும்போதே மீனாகவும் பூச்சியாகவும் பெயரிட முடியாத பிராணிகளாகவும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றுக்கு வண்ணத்துப்பூச்சியின் சிறகுகள் இருக்கின்றன. ஆக, இந்த ஓவியத்தில் வீழ்ச்சி என்பது இடம் மாறுவது மட்டுமல்ல, உருவமே மாறுவதும்கூட. காணொளி இதில் தொடங்கி, ஜினின் முகத்தில் விரிசல் ஓடும் காட்சியில் முடிகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது ‘இகாரஸின் வீழ்ச்சியுடன் கூடிய நிலக்காட்சி’. வி மாடத்திலிருந்து குதிக்கும் காட்சியின் பின்னணியில் இது வருகிறது. இதுவும் அதே பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில்தான் உள்ளது. புரூகலின் பெயரிலேயே வழங்கினாலும், தொலைந்துபோன மூல ஓவியத்தைப் பார்த்து வரைந்த பழைய படியாகவே பலரும் இன்று கருதுகிறார்கள். கதை தெரிந்ததுதான்: மெழுகால் ஒட்டிய சிறகுகளுடன் சூரியனை நெருங்கிப் பறந்த இகாரஸ், மெழுகு உருகிக் கடலில் விழுகிறான். ஆனால் ஓவியத்தில் அவனைத் தேடவேண்டியிருக்கிறது. முன்னே ஓர் உழவன் ஏர் ஓட்டுகிறான், மேய்ப்பன் வேறெங்கோ பார்க்கிறான், தூண்டில்காரன் தன் வேலையில் இருக்கிறான். வலப்புறம் கீழே, கப்பலுக்கு அருகில், நீருக்கு மேல் உதைத்துக்கொள்ளும் இரண்டு கால்கள் மட்டும் தெரிகின்றன. ரோமானியக் கவிஞர் ஓவிட் இக்கதையைச் சொல்லும்போது அந்த மூவரும் வானத்தில் பறப்பவர்களை வியந்து பார்ப்பார்கள். ஓவியம் அதைத் தலைகீழாக்கிவிட்டது. யாரும் விழுபவனைப் பார்ப்பதில்லை.

இந்த விவரம் தெரிந்தபின் விசாரிக்க வேண்டியது: வி குதிக்கும்போது அவரை யார் பார்க்கிறார்கள்? “இகாரஸ் என்றால் பேராசை” என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டவருக்கு இந்தக் கேள்வியே தோன்றாது.

படி 4: காணொளிக்குப் பின்னால் உள்ள நூல்

எல்லாக் காணொளிக்கும் பின்னால் ஒரு நூல் இருக்காது. இதற்கு இருக்கிறது என்பதற்குச் சான்று காணொளிக்குள்ளேயே உள்ளது. பாடல் நடுவில் நின்றுவிட, ஆர்எம் குரலில் ஆங்கிலத்தில் சில வரிகள் கேட்கின்றன. அவை ஜெர்மன் மொழி எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘டெமியன்’ நாவலிலிருந்து எடுக்கப்பட்டவை. ‘விங்ஸ்’ தொகுப்புக்கு முன்னோட்டமாக வெளியான ஏழு குறும்படங்களிலும் இதே நாவலின் பகுதிகள் ஒலித்தன. 1919இல் எமில் சின்கிளேர் என்ற புனைபெயரில் வெளிவந்த நாவல் அது. அந்தச் சின்கிளேர்தான் கதைசொல்லியும். பெற்றோர் வீட்டின் ஒளி மிகுந்த உலகுக்கும், வெளியே இருக்கும் இருண்ட உலகுக்கும் இடையில் வளரும் பையன் அவன்.

தொடக்கநிலையாளர்கள் நாவலின் சுருக்கத்தைப் படித்துவிட்டு, “ஜின்தான் சின்கிளேர், வி தான் டெமியன்” என்று பட்டியல் போடுவார்கள். அதைவிடப் பயனுள்ள வழி, நாவலின் குறிப்பிட்ட காட்சிகளைக் காணொளியின் குறிப்பிட்ட காட்சிகளோடு பக்கத்தில் பக்கமாக வைப்பது. நாவலின் இறுதியில் போரில் காயமடைந்த சின்கிளேரின் அருகே டெமியன் கிடக்கிறான். தன் தாய் ஏவாள் கொடுத்தனுப்பியதாகச் சொல்லி ஒரு முத்தம் தருகிறான். மறுநாள் அவன் அங்கே இல்லை. அதன்பின் சின்கிளேர் தன் அகத்தின் இருண்ட கண்ணாடியில் குனிந்து பார்க்கும்போது, டெமியனைப் போலவே ஆகிவிட்ட தன் உருவத்தைக் காண்கிறான். காணொளியில் ஜின் சிறகுள்ள ஒரு சிலையை முத்தமிடுகிறார். முடிவில் கண்ணாடியின் முன் நிற்கிறார். முத்தம், பிறகு கண்ணாடி என்ற வரிசை நாவலில் உள்ளதுதான்.

இனி மாற்றங்களைப் பாருங்கள். நாவலில் முத்தம் தருபவன் உயிருள்ள நண்பன். இங்கே உயிரற்ற சிலை. நாவலில் கண்ணாடியில் தெரிவது முழுமையடைந்த முகம். இங்கே விரிசல் விடும் முகம். கண்ணாடிக்கு மேலே ஜெர்மன் மொழியில் ஒரு வாசகம் இருக்கிறது: நடனமாடும் விண்மீனைப் பெற்றெடுக்க ஒருவர் தமக்குள் இன்னும் குழப்பத்தைக் கொண்டிருக்கவேண்டும் என்ற பொருளில் ஜெர்மன் தத்துவஞானி நீட்சே எழுதியது. நாவலில் பல்கலைக்கழகம் சேரும் சின்கிளேரின் மேசையிலும் நீட்சேயின் நூல்கள்தான் கிடக்கும்.

விரிசலை அழிவு என்று படிக்கலாம். பறவை முட்டையை உடைத்து வெளியே வரப் போராடுவதாக இதே நாவலில் வரும் புகழ்பெற்ற படிமத்தை நினைத்தால் பிறப்பு என்றும் படிக்கலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. மேலே உள்ள வாசகத்தால் இரண்டாவதன் பக்கம் நான் சாய்கிறேன், அவ்வளவுதான்.

படி 5: இசையைக் கேட்பது

இசைக் கல்வி இல்லாதவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது பெரிய இழப்பு. நீங்கள் கேட்கவேண்டியவை மூன்றே: தாளம் எப்படி அமைந்திருக்கிறது, குரல் எந்த நிலையில் பாடுகிறது, இசை எங்கே நிற்கிறது.

இப்பாடலின் அடித்தளம் மூம்பாட்டன் என்ற நடன இசை. 2009இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பகுதியில் டிஜே டேவ் நாடா, டச்சு ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை வகையின் வேகமான பாடலொன்றை நிமிடத்துக்கு ஏறத்தாழ 108 அடிகள் என்ற வேகத்துக்குக் குறைத்து ஒலிக்கவிட்டபோது பிறந்த பாணி இது. லத்தீன் அமெரிக்க நடன இசையான ரெகேட்டனின் தாளத்தோடு அது இயல்பாகவே பொருந்திப்போனது. அந்தத் தாளத்தின் அழுத்தங்கள் மூன்று, மூன்று, இரண்டு என்று விழுகின்றன. ‘தகிட தகிட தக’ என்று வாயால் சொல்லிக்கொண்டே கேட்டால் உடனே பிடிபடும். ஆடத் தூண்டுகிற, ஆனால் அவசரப்படாத வேகம். அதன்மேல் ஜிமின் மூச்சு கலந்த உச்சக் குரலில் தொடங்குகிறார். மயங்கிப்போவதைப் பற்றிய பாடலுக்கு இந்தச் சேர்க்கை வெகு பொருத்தம்.

பிறகு பாடல் நிற்கிறது. ஆர்எம் வாசிக்கும் அதே இடைவெளிப் பகுதியில் சுகா ஆர்கன் முன் அமர்ந்திருக்க, பழைய இசையமைப்பாளர் டீட்ரிக் புக்ஸ்டெஹூடவின் ‘டி மைனர் பாசகாலியா’ என்ற ஆர்கன் படைப்பு ஒலிக்கிறது. “தேவாலயச் சூழலுக்காகப் பழைய ஆர்கன் இசை” என்று கடந்துபோகத் தோன்றும். கடந்துபோகாதீர்கள். ‘டெமியன்’ நாவலில் சின்கிளேர் தெருவில் நடக்கும்போது தேவாலயத்திலிருந்து ஆர்கன் இசை கேட்டு நிற்பான். அதை வாசிக்கும் பிஸ்டோரியஸோடு பழகியபின் அவன் வாசிக்கச் சொல்லிக் கேட்பது புக்ஸ்டெஹூடவின் பாசகாலியாவைத்தான். நாவலை வெறும் அலங்காரமாகப் பயன்படுத்தியவர்கள் இந்த அளவுக்கு இறங்கியிருக்கமாட்டார்கள்.

பாசகாலியா என்பது கீழ்ச்சுரங்களில் ஒரு சிறு தொடர் விடாமல் திரும்பத் திரும்ப வர, அதன்மேல் மாறுபாடுகளை அடுக்கிக்கொண்டே போகும் வடிவம். மேலே என்ன நடந்தாலும் அடியில் உள்ளது விடாது. மூம்பாட்டனின் தாளச் சுழற்சியும் அப்படித்தான். பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மன் இசையிலிருந்து நடனப் பாடலுக்குத் திரும்பும்போது நமக்கு அதிர்ச்சி ஏற்படாததற்கு இந்த ஒற்றுமையும் ஒரு காரணம் என்பது என் வாசிப்பு. குறிப்பேட்டில் இதை நான் மூன்றாம் பத்தியில்தான் எழுதுவேன்.

படி 6: திரும்ப வருவதை எண்ணுங்கள்

ஒருமுறை வரும் பொருள் தற்செயலாக இருக்கலாம்; வெவ்வேறு வடிவில் திரும்ப வருவது பெரும்பாலும் திட்டமிட்டது. இங்கே அது சிறகு. தொகுப்பின் பெயரிலேயே சிறகு, கலகத் தேவதூதர்களுக்குச் சிறகு, இகாரஸுக்குச் சிறகு, முத்தமிடப்படும் சிலைக்குச் சிறகு. வியின் முதுகில் சிறகு இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு தழும்புகள். பாடல் வரிகளிலும் சாக்லேட் போன்ற இனிய சிறகுகள் வந்து, உடனே அவை சாத்தானுடையவை என்று திரும்புகின்றன. படம், வரி, தலைப்பு மூன்றும் ஒரே பொருளைச் சுட்டும்போது உங்கள் வாசிப்புக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கிறது. இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மரியாளைக் காட்டும் மைக்கேலாஞ்சலோவின் பியேட்டா சிலையும் காணொளியில் உண்டு. ஆனால் அதில் சிறகு இல்லை. அதை இந்த வரிசையில் வலிந்து சேர்க்காமல் தனிக் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: மிகை வாசிப்பைச் சோதிப்பது

புக்ஸ்டெஹூடவின் பாசகாலியா நான்கு பகுதிகள் கொண்டது. ஒவ்வொன்றிலும் அடித்தொடர் ஏழு முறை வரும். பிடிஎஸ் குழுவில் ஏழு பேர். ஆகா என்று துள்ளத் தோன்றுகிறதல்லவா? துள்ளுவதற்கு முன் கேளுங்கள்: காணொளியில் அந்த ஏழு சுற்றுகளும் கேட்கின்றனவா? ஏழு என்ற எண்ணை வேறெங்காவது காணொளி வலியுறுத்துகிறதா? இந்த இசை இங்கே வருவதற்கு வேறு எளிய காரணம் உண்டா? கேட்பது ஒரு சிறு துண்டுதான். எளிய காரணமும் நாவலில் கையோடு கிடைத்துவிட்டது. எனவே ஏழு என்பது தற்செயல். இப்படிப்பட்ட அழகான தற்செயல்களை அடித்துவிட மனம் வராது, அடித்துத்தான் ஆகவேண்டும்.

படி 8: எழுதுவது

தொடக்கத்தில் காணொளி முழுவதையும் எழுத முயலாதீர்கள். ஒரே காட்சி, முந்நூறு சொற்கள் போதும். முதலில் பார்த்ததை எழுதி, அடுத்துச் சரிபார்த்ததைச் சொல்லி, கடைசியில் உங்கள் வாசிப்பை ‘எனக்குத் தோன்றுகிறது’ என்ற தெளிவோடு வையுங்கள். காட்சி வரும் நிமிடத்தையும் நொடியையும் குறிப்பிட்டால், படிப்பவர் தாமே பார்த்து உங்களோடு உடன்படவோ மறுக்கவோ முடியும்.

பயிற்சிக்கு ரெட் வெல்வெட் குழுவின் ‘ஃபீல் மை ரிதம்’ நல்லது. 2022 மார்ச் 21 அன்று வெளியான இப்பாடல், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் மூன்றாம் ஆர்கெஸ்ட்ரா தொகுப்பில் உள்ள ‘ஏர்’ பகுதியை வெளிப்படையாகவே எடுத்தாள்கிறது. காணொளியில் மில்லேயின் ‘ஒஃபீலியா’, ஃப்ராகோனாரின் ‘ஊஞ்சல்’, மோனேயின் குடை பிடித்த பெண் ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. அடையாளம் காண்பது கடினமே இல்லை. ‘ஒஃபீலியா’விலிருந்து தொடங்குங்கள். மில்லேயின் ஓவியத்தில் அவள் ஓடையில் மூழ்கிக்கொண்டிருக்கும் பெண். காணொளியில் அந்தக் காட்சி வரும் நொடியில் பாக்கின் இசை முன்னே நிற்கிறதா, நடனத் தாளம் முன்னே நிற்கிறதா என்று கேட்டுப் பார்த்து, முதல் பத்தியை நிரப்புங்கள்.