ஐரோப்பாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு: வேறு நாட்டில் ஓராண்டு பராமரிப்பு வேலை தேடுவது எப்படி?

ஜெர்மனியின் ஹாம் நகரில் உள்ள காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போயிருந்தபோது மூன்று பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மூவருக்கும் ஒரே கேள்வி: "அக்கா, நீங்கள் ஒரு வருடம் அயர்லாந்தில் இருந்தீர்களே, அந்த இடம் எப்படிக் கிடைத்தது?" நாதஸ்வரச் சத்தத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் ஜெர்மனியின் டோர்ட்முண்டில் வளர்ந்தவள். பள்ளி முடித்ததும் 19 வயதில் அயர்லாந்துக்குப் போய், அறிவுசார் மாற்றுத்திறனாளிகள் ஆறு பேர் வாழ்ந்த ஒரு வீட்டில் ஓராண்டு அவர்களோடு தங்கி வேலை செய்தேன். தேடத் தொடங்கியபோது எந்த நாடு, எந்த ஊர் என்றுதான் யோசித்தேன். அது தவறான தொடக்கம். எந்த வீட்டில், யாரோடு இருக்கப் போகிறீர்கள் என்பதுதான் அந்த ஓராண்டை நல்லதாகவோ கெட்டதாகவோ ஆக்கும். கீழே வரும் படிகளை அதை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

படி 1: யாரைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள்?

பராமரிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் மழலையர் பள்ளி, முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் வாழும் வீடு எல்லாம் அடங்கும். மூன்றும் வேறு வேறு உலகம். குளிப்பாட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, டயப்பர் மாற்றுவது இதெல்லாம் உங்களால் முடியுமா என்று இப்போதே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பகல்நேரப் பட்டறை, தோட்டம், சமையலறை ஆகியவற்றில் கூட இருந்து உதவும் இடங்களும் உண்டு.

படி 2: வழியைத் தேர்ந்தெடுங்கள்

நான் போன வழி யூரோப்பியன் சாலிடாரிட்டி கோர். இது ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் தன்னார்வத் திட்டம். 18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் போகலாம், 17 வயதிலேயே பதிவு செய்யலாம். தனியாகப் போவதென்றால் பொதுவாக 2 மாதம் முதல் 12 மாதம் வரை. தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி, கைச்செலவுப் பணம் எல்லாம் திட்டத்திலிருந்தே வரும். பயணச் செலவும் தூரத்தைப் பொறுத்துக் கிடைக்கும். கைச்செலவு நாளொன்றுக்குச் சில யூரோதான், சம்பளம் என்று எண்ண வேண்டாம். ஆனால் கையிலிருந்து பெரிதாக எதுவும் போகாது.

குடியுரிமை பற்றியும் அந்தப் பிள்ளைகளில் ஒருவர் கேட்டார். ஒன்றியத்தில் சட்டப்படி வசித்தால் போதும், ஒன்றியக் குடியுரிமை கட்டாயமில்லை. ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டோடு அயர்லாந்துக்குப் போவதென்றால் விசா வேண்டும். ஜெர்மன் வதிவிட அட்டை மட்டும் அங்கே செல்லாது. அதற்கான நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

பிரான்சிலோ இத்தாலியிலோ வளர்ந்து, ஜெர்மனிக்கு வர நினைப்பவர்களுக்கு எஃப்எஸ்ஜே எனப்படும் தன்னார்வ சமூக ஆண்டு நல்ல வழி. கட்டாயப் பள்ளிப் படிப்பை முடித்த, 27 வயது நிறையாதவர்கள் சேரலாம். ஓராண்டில் 25 நாள் கருத்தரங்கு உண்டு, சமூகக் காப்புறுதியும் உங்கள் பெயரில் கட்டப்படும். காரிட்டாஸ், டியாகோனி என்ற தேவாலயத் தொண்டு நிறுவனங்கள், செஞ்சிலுவை போன்ற அமைப்புகளிடம் நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

மூன்றாவது வழி, கேம்ப்ஹில் சமூகங்களுக்கு நேரடியாக எழுதுவது. அங்கே தன்னார்வலர்களும் மாற்றுத்திறனாளிகளும் ஒரே வீட்டில் தங்கி, ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி வியன்னாவிலிருந்து வந்த கார்ல் கோனிக் என்ற மருத்துவரும் அவருடன் வந்தவர்களும் ஸ்காட்லாந்தின் அபர்தீன் அருகே 1940இல் குடியேறிய வீட்டின் பெயர்தான் கேம்ப்ஹில். அகதியாக வந்தவர்கள் தொடங்கிய வீடு என்று படித்ததும் எனக்கு மனம் அங்கேயே நின்றுவிட்டது. என் பெற்றோரும் ஒரு பையோடு ஜெர்மனிக்கு வந்தவர்கள்தானே. பிரெக்சிட்டுக்குப் பிறகு ஸ்காட்லாந்து உட்பட பிரித்தானியா முழுவதற்கும் தொண்டுப் பணியாளர் விசா வேண்டும். அதிகபட்சம் 12 மாதம்தான், அதற்கும் உங்களை அழைக்கும் அமைப்பு உரிமம் பெற்றிருக்க வேண்டும்.

எந்த வழியானாலும் ஒன்று: இடம் பிடித்துத் தருகிறோம் என்று காசு கேட்பவர்களிடம் போகாதீர்கள். சாலிடாரிட்டி கோரில் தன்னார்வலரிடம் கட்டணம் வாங்கவே கூடாது.

படி 3: பதிவு செய்யுங்கள்

சாலிடாரிட்டி கோருக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோப்பியன் யூத் போர்ட்டல் என்ற இணையதளத்தில் கணக்குத் தொடங்கினால் உங்களுக்கு ஓர் எண் கிடைக்கும். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாப் படிவத்திலும் கேட்பார்கள். பிறகு விளம்பரங்களைத் தேடலாம். விளம்பரம் போடும் அமைப்புக்கு குவாலிட்டி லேபிள் என்ற அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாமல் இந்தத் திட்டத்தில் ஆள் எடுக்க முடியாது. பல வீடுகளில் ஆகஸ்ட், செப்டம்பரில்தான் புதியவர்கள் சேர்வார்கள். அதனால் முந்தைய குளிர்காலத்திலேயே தேடத் தொடங்குங்கள்.

படி 4: கடிதம்

"நான் மனிதர்களை நேசிப்பவள், கடின உழைப்பாளி" என்று நான் முதலில் இருபது இடத்துக்கு எழுதினேன். ஒரு பதிலும் இல்லை. அப்புறம் அதை அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: "என் அம்மம்மாவுக்கு மூட்டுவலி. இரண்டு வருடமாகப் பள்ளிக்கூடம் போகும் முன் நான்தான் அவரை எழுப்பிக் குளியலறைக்குக் கூட்டிப்போவேன். அவர் கோபமாக இருக்கும் நாளில் பேசாமல் பக்கத்தில் உட்காரப் பழகியிருக்கிறேன்." அந்த வாரமே மூன்று பதில் வந்தது. நம் வீடுகளில் இப்படி ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். அதை எழுதுங்கள். ஐந்தாறு வரி போதும், அந்த அமைப்பின் விளம்பரத்தில் உங்களைத் தொட்ட ஒரு விஷயத்தையும் சேர்த்துவிடுங்கள்.

படி 5: நேர்காணலில் நீங்கள் கேட்க வேண்டியவை

இந்தப் படியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். பெரும்பாலும் வீடியோ அழைப்பில்தான் பேசுவார்கள், உங்களைக் கேள்வி கேட்பார்கள். உங்களுக்கும் அதே உரிமை உண்டு.

நான் கிட்டத்தட்டச் சரி சொல்லிவிட்ட ஓர் இடம் இருந்தது. அழகான கடற்கரை ஊர், அன்பாகப் பேசினார்கள். ஏதோ தோன்றி, முந்தைய ஆண்டு அங்கே இருந்த ஒருவருடன் பேச முடியுமா என்று கேட்டேன். அவர் பேசியபோதுதான் தெரிந்தது, ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் அவர் தனியாளாகத்தான் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருவருக்கு வலிப்பு வந்த இரவில் என்ன செய்வதென்று தெரியாமல் நடுங்கியதைச் சொல்லும்போது அவருடைய குரல் உடைந்துவிட்டது. நான் போகவில்லை. சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய இடத்தில் தன்னார்வலரை வைப்பது இந்தத் திட்டத்தின் விதிக்கே எதிரானது. அது அங்கே வாழும் மனிதர்களுக்கும் அநியாயம்.

ஆகவே இவற்றை வாய்விட்டுக் கேளுங்கள். இரவில் யார் இருப்பார்கள்? நான் தனியாக இருக்கும் நேரம் உண்டா? மருந்து கொடுப்பது யார் பொறுப்பு? ஆளைத் தூக்கும் ஹாய்ஸ்ட் என்ற கருவி இருந்தால் அதை எனக்கு யார் கற்றுத்தருவார்கள்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? (சாலிடாரிட்டி கோரில் 30 முதல் 38 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு, மாதத்துக்கு இரண்டு நாள் விடுமுறை.) எனக்குத் தனி அறை உண்டா? மனம் சரியில்லை என்றால் யாரிடம் பேசலாம்? முந்தைய தன்னார்வலரோடு பேச அனுமதி கேளுங்கள். அதற்கு மழுப்பினால் அந்த இடம் வேண்டாம்.

படி 6: தாள்களும் வீட்டாரும்

பொலிஸ் சான்றிதழ் கட்டாயம் கேட்பார்கள். அயர்லாந்தில் அந்த நாட்டுக் காவல்துறையின் சரிபார்ப்பும் தனியாக நடக்கும், அது முடியாமல் யாரையும் தொட விடமாட்டார்கள். ஐரோப்பிய மருத்துவக் காப்புறுதி அட்டை, தடுப்பூசி விவரம், கையெழுத்திட்ட தன்னார்வலர் ஒப்பந்தம். இவ்வளவுதான்.

வீட்டில் பேசுவதுதான் கடினம். "இவ்வளவு படித்துவிட்டு ஆட்களைக் கழுவித் துடைக்கவா போகப் போகிறாய்?" என்று அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் சண்டை போடாமல் அந்த வீட்டின் பொறுப்பாளரை வீடியோவில் அழைத்து அம்மாவோடு பேச வைத்தேன். என் அறையையும் சமையலறையையும் அவர் காட்டினார், அம்மா கொஞ்சம் இறங்கிவந்தார். ஜெர்மனியில் இருப்பவர்கள் இதையும் சொல்லுங்கள்: எஃப்எஸ்ஜே, சாலிடாரிட்டி கோர் இரண்டிலும் 25 வயது வரை பெற்றோருக்கு அரசு தரும் குழந்தைப் பணம் தொடர்ந்து வரும்.

படி 7: முதல் மாதம்

முதல் மாதம் எதையும் வேகமாகச் செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கு விழுங்குவதில் சிரமம். தண்ணீரோ தேநீரோ அப்படியே கொடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தேநீரில் கெட்டியாக்கும் தூளை அளந்து போட்டு, கரண்டியைச் சாய்த்தால் தேன் போல மெதுவாக வழியும் வரை கலக்க வேண்டும். அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, நாமும் அவர் கண் மட்டத்துக்கு உட்கார வேண்டும். அரைக் கரண்டி. பிறகு அவர் தொண்டையைப் பார்க்க வேண்டும். குரல்வளை ஒருமுறை மேலே ஏறி இறங்கும், அதைப் பார்த்த பிறகுதான் அடுத்த அரைக் கரண்டி. ஒரு கோப்பைக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

முதல் வாரம் எனக்குக் கை பதறியது, அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது வாரம் நான் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டதும் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அன்றிரவே அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். நீங்களும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று, சாலிடாரிட்டி கோரில் தரும் யூத்பாஸ் என்ற சான்றிதழுக்கு நீங்களேதான் எழுத வேண்டும். என்னுடையதில் முதல் வரி அந்தத் தேநீர்தான்.