ஜீப் பார்ட் கண்டுபிடிக்க மொதல்ல நம்பர தேடாதீங்க

பழஞ்சாமான் விக்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுலயோ வளவு வீட்டு பின்கட்டுலயோ ரெண்டாம் உலகப்போர் காலத்து துருப்புடிச்ச ஜீப் பார்ட் ஒண்ணு கிடைச்சா எல்லாரும் மொதல்ல பண்றது, இரும்புல புடைச்சு நிக்கிற நம்பர போன்ல தேடுறதுதான். அது பெரும்பாலும் வார்ப்பு நம்பர், பார்ட் நம்பர் இல்ல, ஒரே வார்ப்ப ஓட்டை மாத்திப் போட்டு ரெண்டு மூணு பார்ட்டா பண்ணியிருப்பாங்க.

அதனால மண்ணெண்ணெய்ல ஊறவச்சு கம்பி பிரஷ்ல தேய்ங்க, கிரைண்டர் மட்டும் வேணாம், மேலாப்புல குத்தின எழுத்து போயிரும். அப்புறம் இது எந்தப் பகுதினு முடிவு பண்ணுங்க, பிரேக்கா ஸ்டியரிங்கா கியர்பாக்ஸா. அந்த ஜீப்ப ரெண்டு கம்பெனி பண்ணுச்சு, வில்லிஸ் பண்ணது எம்பி, ஃபோர்டு பண்ணது ஜிபிடபிள்யூ. அமெரிக்க ராணுவத்தோட ரெண்டு புத்தகம் வேணும். டிஎம் 9-803, 1944ல வந்தது, வண்டிய ஓட்டுறவங்களுக்கும் பராமரிக்கிறவங்களுக்கும் ஆனது, படமும் அளவும் அதுல. எஸ்என்எல் ஜி-503 பார்ட் லிஸ்ட், அதுல ஒரே சாமானுக்கு வில்லிஸ் நம்பரும் ஃபோர்டு நம்பரும் இருக்கும், டபிள்யூஓ-னு ஆரம்பிச்சா வில்லிஸ், எஃப்எம்-னா ஃபோர்டு. ஃபோர்டு நம்பர்ல ஒரு வசதி, ஜிபிடபிள்யூ-க்கு அப்புறம் வர்ற எண்ணே பகுதிய சொல்லிரும், 2000 வரிசை பிரேக், 6000 இன்ஜின், 7000 கியர்பாக்ஸ். ஃபோர்டு போல்ட்டுல கூட குட்டியா எஃப் குத்தியிருப்பாங்க, அத பாத்தாலே எனக்கு மனசு நெறஞ்சிரும். டாட்ஜ் முக்கால் டன் வண்டினா பார்ட் லிஸ்ட் ஜி-502, ஜிஎம்சி ரெண்டரை டன்னா ஜி-508.

நம்பர் பொருந்துனாலும் விட்டுராதீங்க, படத்தோட வச்சுப் பாருங்க, வெர்னியர்ல அளந்து பாருங்க. நான் பின் ஆக்சில் ஒண்ண போர்க்காலத்துதுன்னு நம்பி வாங்கிட்டேன், வீட்ல புத்தகத்த விரிச்சா சக்கரத்த மாட்டுற ஹப் வேற. போர்க்கால எம்பில ஆக்சில் தண்டோட தலை ஹப் மூஞ்சில ஆறு போல்ட்டோட இருக்கும், நான் வாங்குனதுல நடுவுல ஒத்த நட்டு, பின்னாடி வந்த சிவிலியன் ஜீப்போடது. கியர்பாக்ஸும் அப்படித்தான், எம்பில டி-84, சிவிலியன் சிஜே-2ஏல டி-90. சேஸ்னா முன்னாடி குறுக்குச்சட்டத்த பாருங்க, உருண்டைக் குழாய்னா வில்லிஸ், கவுத்து வச்ச பனா மாதிரினா ஃபோர்டு. ஸ்டார்ட்டர், டைனமோல 6 வோல்ட் தகடு இருக்கானு பாருங்க, 12னா அது பெரும்பாலும் எம்பியோடது இல்ல.

கண்டுபிடிச்ச நம்பர அட்டைல எழுதி கம்பி போட்டு பார்ட்லயே கட்டிருங்க, புத்தகத்து பக்க எண்ணோட.