இதய மாத்திரை சாப்பிடுபவருக்குக் கை நடுங்கினால், நடை தளர்ந்தால்

ஸ்டென்ட் வைத்தோ பைபாஸ் செய்தோ ஓரிரு ஆண்டு நன்றாக நடமாடியவர் மெல்ல மெல்லத் தளர்கிறார். அடி குறுகுகிறது, சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது, டம்ளரைப் பிடித்தால் கை ஆடுகிறது. வீட்டில் வயதாகிவிட்டது என்பார்கள். கொஞ்ச நாளில் 'பார்க்கின்சன்' என்ற நரம்பு நோயின் பெயரும் விழும். அந்தப் பெயர் விழுவதற்கு முன் மாத்திரை அட்டைகளைப் பார்த்துவிட வேண்டும். மருந்தால் வந்த தளர்ச்சி என்றால் பெரும்பாலும் மீளும், பார்க்கின்சன் நோய் மீளாது.

முதலில் பட்டியல்

வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்புங்கள். இதயத்துக்கு மட்டுமல்ல, கேஸ், தலைசுற்றல், தூக்கம், நாட்டு மருந்து எல்லாம் வரட்டும். ஒவ்வொன்றுக்கும் பிராண்டு பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை, எப்போது ஆரம்பித்தது என்று எழுதுங்கள். ஆரம்பித்த தேதிதான் முக்கியம். நினைவில் இல்லாவிட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் பழைய மருந்துக்கடை ரசீதுகளிலும் கிடைக்கும். பக்கத்திலேயே நடுக்கமோ தளர்ச்சியோ முதலில் கண்ணில் பட்ட மாதத்தைக் குறியுங்கள்.

டிரைமெட்டாசிடின்

இதய மருந்துகளில் முதலில் தேட வேண்டிய பெயர் இது. நெஞ்சுவலிக்கு, மற்ற மருந்துகளுடன் கூடுதலாகத் தருவார்கள். வழக்கமாக 35 மி.கி. எம்.ஆர். (மெல்ல மெல்லக் கரையும்) மாத்திரை, காலை ஒன்று இரவு ஒன்று. ஃப்ளேவடான் எம்.ஆர். போன்ற பெயர்களில் வரும். உடல் விறைப்பு, மந்தம், நடுக்கம், தள்ளாட்டம், இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும் அவஸ்தை ஆகியவை இதனால் வரலாம். ஐரோப்பிய மருந்து முகமை 2012-இல் இதை மறுஆய்வு செய்து, பார்க்கின்சன், நடுக்கம், கால் அவஸ்தை உள்ளவர்களுக்குத் தரவே கூடாது என்றது. தலைசுற்றலுக்கும் காது இரைச்சலுக்கும் இதைத் தருவதையும் நிறுத்தச் சொன்னது.

இந்த மருந்து முக்கியமாகச் சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. வயதானவரின் சிறுநீரகம் மந்தமானால் அதே இரண்டு மாத்திரை உடலில் அதிகமாகத் தேங்கும். லேப் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.4 என்றால் 'கொஞ்சம்தான் கூட' என்று விட்டுவிடுகிறோம். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 140-இலிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்குங்கள். கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி, அதனால் வகுங்கள். பெண் என்றால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். 76 வயது, 55 கிலோ, கிரியாட்டினின் 1.4 உள்ள ஆணுக்கு விடை ஏறக்குறைய 35. முப்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் இருப்பவருக்குக் காலையில் ஒரே மாத்திரைதான் அளவு. அதே வயது, அதே எடை, அதே 1.4 உள்ள பெண்ணுக்கு 29.7 வருகிறது. முப்பதுக்குக் கீழே என்றால் இந்த மருந்தே கூடாது. இரண்டு வேளை என்று எழுதிய பழைய சீட்டு வருடக்கணக்கில் மாறாமல் ஓடுவதுதான் இங்கே நடக்கும் தவறு.

அமியோடரோன்

இதயத் துடிப்புக் கோளாறுக்கான மருந்து, கார்டரோன் என்றால் பலருக்குத் தெரியும். இதில் வரும் நடுக்கம் வேறு மாதிரி. கை மடியில் இருக்கும்போது அடங்கியிருக்கும், நீட்டினாலும் எழுதினாலும் ஆடும். அளவு கூடினால் கூடும். சிலருக்குக் கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடும் நடையும் வரும்.

இன்னொரு வழியிலும் இது கையை ஆட்டும். 200 மி.கி. மாத்திரை ஒன்றில் சுமார் 75 மி.கி. அயோடின் இருக்கிறது. உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவையானது 0.15 மி.கி. மட்டுமே. அதனால் தைராய்டு கூடலாம், குறையலாம். கூடினால் நடுக்கம், எடை குறைவு, படபடப்பு. மருந்து தொடங்கும் முன்பும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் தைராய்டு, கல்லீரல் பரிசோதனை வேண்டும். நடுக்கம் வந்தால் ஆறு மாதம் காத்திருக்காமல் உடனே டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள்.

மற்றவை குறைவு. டில்டியாசெம், வெரபமில் அரிதாக விறைப்பைத் தரும். பழைய ரத்த அழுத்த மருந்தான மெத்தில்டோபாவும் அப்படியே. சர்ப்பகந்தா சேர்ந்த ஆயுர்வேத பி.பி. மாத்திரைகளில் ரிசர்ப்பின் இருக்கிறது. அது மூளையில் அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற ரசாயனத்தைக் காலி செய்யும், மூலிகைதானே என்று பட்டியலில் விட்டுவிடாதீர்கள்.

அடுத்த சீட்டையும் பாருங்கள்

இதய டாக்டரின் சீட்டில் தேடிக்கொண்டிருக்கும்போது, உண்மையான காரணம் பல நேரம் வேறொரு சீட்டில் இருக்கும். மாத்திரை அதிகமானால் வயிறு எரியும், அதற்கொரு கேஸ் கேப்சூல் வரும். ரேபிப்ரசோலுடனோ பேன்டோபிரசோலுடனோ 'லெவோசல்பிரைடு' சேர்ந்திருக்கிறதா என்று பின்பக்கம் பாருங்கள். அது மூளையில் டோபமினைத் தடுக்கும், மாதக்கணக்கில் சாப்பிட்டால் அசல் பார்க்கின்சன் போலவே காட்டும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்குத் தரும் ஸ்டெமெட்டில், சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃப்ளூனரிசின் எல்லாம் இதே வரிசைதான். சில நாளுக்கு என்று எழுதியதை மருந்துக்கடையில் சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்குவதே சிக்கல்.

வீட்டில் பார்க்கக்கூடியவை

கைகளை மடியில் தளர விட்டு உட்காரச் சொல்லுங்கள். 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொல்லுங்கள். கவனம் கணக்கில் போனதும் கை தானாக நடுங்கினால் அது ஓய்வு நடுக்கம், பார்க்கின்சன் வகை. பிறகு இரு கைகளையும் நீட்டச் சொல்லுங்கள். அப்போது மட்டும் நடுங்கினால் அமியோடரோன், தைராய்டு, ஆஸ்துமா இன்ஹேலர் பக்கம் யோசிக்க வேண்டும்.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பத்து விநாடி வேகமாகத் தட்டச் சொல்லுங்கள். தட்டத் தட்ட விரல் விரியும் தூரம் குறைகிறதா? ஒரே வாக்கியத்தை நான்கு வரி எழுதச் சொல்லுங்கள், எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறதா? நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து உண்டு. இதையெல்லாம் வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டர் அறையில் பலருக்கு நடை சரியாகிவிடும்.

தள்ளாட்டம் ரத்த அழுத்தம் இறங்குவதாலும் வரும். ஐந்து நிமிடம் படுக்க வைத்து அளந்து, நின்றதும் ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளவெடுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதையும் குறியுங்கள்.

முகம் கோணுவது, ஒரு பக்கம் திடீரென வலுவிழப்பது, பேச்சு குழறுவது இந்தப் பட்டியலில் சேராது. அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108.

டாக்டரிடம்

எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கரைச் சட்டென்று விட்டால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரலாம். அமியோடரோனை விட்டால் உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு திரும்பலாம். பட்டியலுடனும் வீடியோவுடனும் போய் நேராகக் கேளுங்கள்: "இதில் எந்த மருந்து இப்படிச் செய்யும்? அதை மாற்ற முடியுமா?" ஒரே நேரத்தில் இரண்டை நிறுத்தினால் எது காரணம் என்று பிறகு தெரியாது, ஒவ்வொன்றாக மாற்றுவதே நல்லது.

காரணமான மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கின்சனுக்கான சின்டோபாவோ பாசிடேனோ சேர்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பாசிடேன் வயதானவருக்கு மறதியையும் சிறுநீர் அடைப்பையும் தரும், பிறகு அதற்கும் மாத்திரை வரும்.

டிரைமெட்டாசிடினால்தான் வந்தது என்றால் நிரந்தரமாக நிறுத்த வேண்டும், திரும்பத் தொடங்கக் கூடாது. பொதுவாக நான்கு மாதத்துக்குள் சரியாகும். அதற்கு மேலும் நீடித்தால் நரம்பியல் நிபுணரிடம் போகவேண்டும். மறைந்திருந்த பார்க்கின்சனை மருந்து வெளிக்காட்டியிருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இருந்தால் அந்தச் சந்தேகம் கூடுகிறது. அமியோடரோன் கொழுப்பில் தங்கும் மருந்து, அளவைக் குறைத்தாலும் நடுக்கம் அடங்க வாரங்களோ மாதங்களோ ஆகும்.

பக்கவிளைவை நோயாளியோ வீட்டாரோகூட அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024. மருந்தின் பெயர், அட்டையில் உள்ள பேட்ச் எண், தொடங்கிய தேதி, அறிகுறி வந்த தேதி நான்கையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.