பிரஷர் இறங்கினால் கண்ணுக்கு நல்லதா?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் மாமாவுக்கு டாரா திங்கியும் (ரத்தக் கொதிப்பு) உண்டு, பெரும்பாலும் கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் கிளாக்கோமாவும் உண்டு. காலை பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டால் இரவு மாத்திரையோடு சேர்த்து இரண்டாகப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். விடியற்காலையில் கழிப்பறைக்குப் போக எழுந்தால் தலை சுற்றும், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கேட்டால், "பிரஷர் நல்லா இறங்கியிருக்கு, கண்ணுக்கும் நல்லதுதானே?" என்பார்.

இல்லை மாமா. ரத்தக் கொதிப்பும் கண் அழுத்தமும் வேறு வேறு. பார்வை நரம்புக்கு ரத்தம் போய்ச் சேர, ரத்த அழுத்தம் கண் அழுத்தத்தைவிடப் போதுமான அளவு கூடுதலாக இருக்க வேண்டும். தூக்கத்தில் ரத்த அழுத்தம் தானாகவே 10 முதல் 20 சதவீதம் இறங்கும். படுத்தால் கண் அழுத்தம் கொஞ்சம் ஏறும். அந்த நேரத்தில் நல்ல ரத்தக் குழாய் தன்னைத்தானே விரித்துக்கொண்டு ஓட்டத்தைச் சமாளித்துவிடும். பல வருடக் கொதிப்பில் சுவர் தடித்த குழாயால் அப்படி விரிய முடியாது, கிளாக்கோமா உள்ள பலருக்கு அந்தக் கட்டுப்பாடே மந்தம், இதன் மேல் மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டால் நரம்பு ராத்திரி முழுக்கப் பட்டினிதான். செத்த நரம்பு திரும்ப வராது.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருப்பார்கள். அது இன்னும் மோசம், பக்கவாதத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல. எந்த மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். தேவைப்பட்டால் 24 மணி நேரமும் பிரஷர் பார்க்கும் கருவியைக் கையில் கட்டி அனுப்புவார்.

அப்புறம், பிரஷர் பார்க்கும் டாக்டரிடம் பலர் கண் சொட்டு மருந்தைப் பற்றிச் சொல்வதே இல்லை, "அது கண்ணுக்குத்தானே" என்று. கிளாக்கோமாவுக்கு விடும் டிமோலால் சொட்டு மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து நாடித் துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்து. அதே வகை மாத்திரையைப் பிரஷருக்கும் சாப்பிட்டால் நாடி ரொம்பவே இறங்கலாம். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை விரலால் 2 நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். மாமா ஒரே பையில் எல்லா மருந்தையும் போட்டு டாக்டரிடம் எடுத்துப்போன பிறகுதான் அவருடைய இரவு மாத்திரை காலையில் பசியாறும் நேரத்துக்கு மாறியது.

இன்னொன்று, சிரசாசனம். தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். மாமாவுக்கு அந்தக் கவலை இல்லை, குனிந்து செருப்பு மாட்டுவதற்கே அலுத்துக்கொள்கிற ஆள்.