'லெ'யா, 'லுயி'யா? என் பிரெஞ்சுக் குழப்பம் தீர்ந்த விதம்

பிரெஞ்சில் 'அவளை', 'அவளுக்கு' என்று எழுதும் இடத்திலெல்லாம் எனக்குத் தப்பு விழுந்துகொண்டே இருந்தது. 'லா' (அவளை) வர வேண்டிய இடத்தில் 'லுயி' (அவளுக்கு, அவனுக்கு), 'லுயி' இடத்தில் 'லா'.

முதலில் பிரதிப்பெயர் அட்டவணையை மனப்பாடம் செய்தேன். ஒப்பிக்க வந்தது, எழுத வரவில்லை. அடுத்து நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: தமிழில் 'ஐ' வந்தால் 'லெ' (அவனை), 'லா'; 'கு' வந்தால் 'லுயி'. 'அவளைப் பார்த்தேன்', 'அவளுக்குப் பதில் சொன்னேன்' இரண்டும் சரியாக வந்ததால் விதியை நம்பிவிட்டேன். ஒரு வாரம் வீண்.

சிக்கல் சில வினைச்சொற்களில் இருந்தது. நாம் 'அவளுக்கு உதவினேன்' என்கிறோம். பிரெஞ்சின் 'எதே' (உதவுவது) நேரடிச் செயப்படுபொருள் கேட்கிறது, ஆகவே 'லா'தான்; அது அடுத்த சொல்லோடு ஒட்டி 'ழெ லெ எதே' என்றாகிறது. 'அவளுக்காகக் காத்திருந்தேன்' என்பதும் அப்படித்தான். நேர்மாறாக, நாம் 'அவளைக் கேட்டேன்' என்றாலும் அங்கே 'ழெ லுயி எ தெமாந்தே'.

தீர்வு அகராதியிலேயே இருந்தது. வினைக்குப் பக்கத்தில் 'யாரோ ஒருவர்' என்பதன் சுருக்கம் இருக்கும். அதற்கு முன்னால் 'ஆ' (à, நம் 'கு' போன்ற ஒரு சிறு சொல்) இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இருந்தால் பெரும்பாலும் 'லுயி'. அப்புறம் வினைகளை அந்த 'ஆ'வோடு சேர்த்தே நோட்டில் எழுதினேன். நாலே நாளில் தப்பு குறைந்தது, பெரிய நிம்மதி.

ஒன்றை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: 'பான்சே', அதாவது நினைப்பது. 'ஆ' இருந்தும் ஆளுக்கு 'லுயி' வராது. 'ழெ பான்ஸ் ஆ எல்' என்பார்கள். பொருளை நினைத்தால் 'ழி பான்ஸ்'.